முடிச்சூர் ஸ்கூலுக்கு ஓனர் யார்? கட்டடம் ஒரு துறை, டீச்சர் ஒரு துறை, சாப்பாடு இன்னொரு துறை!

வகுப்பறைக் கூரை ஒழுகுகிறது. மூன்று வகுப்புக்கு ஒரே டீச்சர். கழிவறையில் தண்ணீர் இல்லை. மதியச் சாப்பாட்டில் ஏதோ குறை. ஒரே பள்ளியில் இந்த நாலு பிரச்சினையும் இருந்தால், பெற்றோர் யாரைப் போய்க் கேட்பது?

'தலைமை ஆசிரியரைத்தான்' என்று நினைப்போம். ஆனால் இந்த நாலில் ஒன்றைக்கூடத் தானாகத் தீர்க்கும் அதிகாரமோ பணமோ அவர் கையில் கிடையாது. நாலுக்கும் நாலு வெவ்வேறு ஆபீஸ். முடிச்சூர் மாதிரியான ஓர் ஊராட்சியில் இருக்கும் சின்ன அரசுத் தொடக்கப்பள்ளியை யார் நடத்துகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது, பெற்றோருக்கு அதில் எவ்வளவு பிடி இருக்கிறது என்று பார்ப்போம்.

முடிச்சூர் ஊரா, நகரமா?

பார்ப்பதற்கு நகரம். அபார்ட்மென்ட், சூப்பர் மார்க்கெட், தாம்பரம் ஸ்டேஷனுக்குப் பறக்கும் ஷேர் ஆட்டோ என எல்லாம் உண்டு. சட்டப்படி அது கிராம ஊராட்சி.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் இணைக்கப்பட்டன. பக்கத்திலேயே இருந்தும் முடிச்சூர் அந்தப் பட்டியலில் வரவில்லை. செங்கல்பட்டு மாவட்டம், புனித தோமையார்மலை (பரங்கிமலை) ஊராட்சி ஒன்றியத்துக்குக் கீழ் வரும் ஊராட்சியாகவே அது தொடர்ந்தது.

இது வெறும் பெயர்ப் பலகை விஷயம் இல்லை. ஊராட்சியா மாநகராட்சியா என்பதைப் பொறுத்துத்தான் பள்ளிக் கட்டடத்தை யார் கட்டுவது, தண்ணீர் யார் விடுவது, எந்தப் பொறியாளர் கையெழுத்துப் போடுவது என்பதெல்லாம் முடிவாகிறது.

'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி' என்ற பெயர் எப்படி வந்தது?

வெள்ளைக்காரன் காலத்தில், 1920-ல் வந்த மதராஸ் தொடக்கக் கல்விச் சட்டம் ஊர்ப்பக்கப் பள்ளிகளை உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் வைத்தது. கல்விக்கென்று வரி போடவும் அதில் வழி இருந்தது. அப்போது மாவட்ட போர்டுகள் பள்ளிகளை நடத்தின. பிறகு காமராஜர் முதல்வராக இருந்தபோது 1958-ல் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. 1960-களின் தொடக்கத்தில் ஊராட்சி ஒன்றியங்கள் முழுமையாகச் செயல்படத் தொடங்கின. மாவட்ட போர்டுகள் கலைக்கப்பட்டு, தொடக்கப் பள்ளிகள் ஒன்றியங்களின் கைக்கு வந்தன. 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி' என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது.

அந்தக் காலத்தில் ஆசிரியரும் ஒன்றியத்தின் ஊழியர்தான். இது 1981-ல் மாறியது. எம்.ஜி.ஆர். ஆட்சியில், அந்த ஆண்டு ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். ஆசிரியர்களுக்கு இது பெரிய நிம்மதி. சம்பளத்துக்கு ஒன்றியத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை, உள்ளூர் அரசியல் தலையீடும் குறைந்தது. அதே நேரம் பள்ளி இரண்டாகப் பிரிந்தது. கட்டடம் உள்ளாட்சியிடம் நின்றது, ஆசிரியர் மாநில அரசிடம் போனார். இன்றைய குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

1992-ல் வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளுக்குத் தரத்தக்க 29 பொறுப்புகளில் தொடக்க, இடைநிலைக் கல்வியையும் சேர்த்தது. 'தரலாம்' என்றுதான் சொன்னது. எவ்வளவு தருவது என்பதை மாநிலத்திடம் விட்டுவிட்டது. தமிழ்நாட்டில் கட்டடமும் பராமரிப்பும் உள்ளாட்சியிடம், கல்வி நிர்வாகம் துறையிடம் என்ற பழைய பிரிவினையே தொடர்ந்தது.

சரி, எதற்கு யார்?

ஆசிரியர்: தேர்வு செய்வது ஆசிரியர் தேர்வு வாரியம். நியமனம், இடமாற்றம், சம்பளம் எல்லாம் தொடக்கக் கல்வித் துறை. பள்ளிக்கு மிக அருகில் இருக்கும் அதிகாரி வட்டாரக் கல்வி அலுவலர், அதாவது பி.இ.ஓ. அவருக்கு மேலே மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி), அதற்கும் மேலே முதன்மைக் கல்வி அலுவலர்.

கட்டடம்: ஊரக வளர்ச்சித் துறை. புது வகுப்பறை, பெரிய ரிப்பேர், பழைய கட்டடத்தை இடிப்பது எல்லாம் ஒன்றிய அலுவலகம் வழியாக நடக்கும். ஒன்றிய ஆணையராக இருப்பவர் வட்டார வளர்ச்சி அலுவலர் (வட்டார ஊராட்சி), அதாவது பி.டி.ஓ.

குடிநீர், துப்புரவு, தெருவிளக்கு: பெரும்பாலும் கிராம ஊராட்சி. அதாவது ஊராட்சித் தலைவரும் ஊராட்சிச் செயலரும்.

மதிய உணவு: சமூக நலத் துறையின் திட்டம். அமைப்பாளர், சமையலர் எல்லாம் அந்தத் திட்டத்தின் பணியாளர்கள். தலைமை ஆசிரியருக்குக் கீழ் வருபவர்கள் இல்லை.

காலை உணவு: 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25-ல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். ஊர்ப்பக்கம் சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுக்கள். ஆக, ஒரே வளாகத்தில் காலைச் சாப்பாட்டுக்கு ஓர் அமைப்பு, மதியச் சாப்பாட்டுக்கு இன்னோர் அமைப்பு.

பயிற்சி, சிறப்புக் குழந்தைகளுக்கான ஆசிரியர், பள்ளி மானியம்: 'சமக்ர சிக்‌ஷா' எனப்படும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம். இதன் உள்ளூர் முகம் வட்டார வள மையம்.

இத்தனை பேரையும் தினமும் ஒரே இடத்தில் சந்திப்பவர் தலைமை ஆசிரியர் மட்டும்தான். சின்னப் பள்ளியில் அவரும் ஒரு வகுப்பு ஆசிரியர்தான். பாடமும் எடுக்க வேண்டும், இத்தனை ஆபீஸுக்கும் பதிலும் சொல்ல வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

பள்ளிக் கல்விக்கு 2025-26 மாநில பட்ஜெட்டில் ஒதுக்கப்பட்டது ரூ.46,767 கோடி. இதில் பெரும்பகுதி சம்பளம். ஆசிரியரின் கணக்குக்கு அது கருவூலம் வழியாக நேரடியாகப் போய்விடும். பள்ளியின் கைக்கு வருவதில்லை.

பள்ளியின் சொந்த வங்கிக் கணக்குக்கு வருவது 'ஒருங்கிணைந்த பள்ளி மானியம்'. சமக்ர சிக்‌ஷா விதிப்படி இது மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை ஆண்டுக்கு ரூ.10,000. 31 முதல் 100 வரை ரூ.25,000. 101 முதல் 250 வரை ரூ.50,000. 251 முதல் 1,000 வரை ரூ.75,000. அதற்கு மேல் ரூ.1 லட்சம். தொடக்கப் பள்ளிக்கு நூலகத்துக்கு ரூ.5,000, விளையாட்டுப் பொருளுக்கு ரூ.5,000 தனி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 95 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கு மானியம் ரூ.25,000. மாதத்துக்குச் சுமார் 2,080 ரூபாய். ஒரு பிள்ளைக்கு மாதம் 22 ரூபாய். சாக்பீஸ், ஃபேன் ரிப்பேர், குழாய் மாற்றுவது, ஃபினாயில் எல்லாம் இதற்குள்தான். இதிலும் குறைந்தது 10% தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுப்புற அபார்ட்மென்ட்டுகளில் ஒரே ஒரு வீடு கட்டும் மாதப் பராமரிப்புக் கட்டணமே பல இடங்களில் இதைவிட அதிகம்.

கட்டடத்துக்குப் பணம் பல வாய்க்கால்களில் வரும். 2022-ல் அறிவிக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் 5 ஆண்டுகளில் சுமார் ரூ.7,000 கோடி செலவிடும் திட்டம். 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியில் கழிவறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுக்கப் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை நடந்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் புது வகுப்பறைகளுக்கு இவ்வளவு தேவை வந்தது. இது தவிர எம்.எல்.ஏ. தொகுதி நிதி, எம்.பி. நிதி, 'நமக்கு நாமே', 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாக வரும் கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணம் எல்லாம் உண்டு.

ஊராட்சிக்கு வரும் பணத்திலும் ஒரு பங்கு பள்ளிக்கு உதவலாம். 15-வது நிதிக்குழு (2021-26) உள்ளாட்சிகளுக்குத் தரும் மானியத்தில் 60% குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டாயம் ஒதுக்க வேண்டும். கழிவறைக்குத் தண்ணீர் கேட்கும் பெற்றோர் கையில் இருக்க வேண்டிய தகவல் இது.

நான் கட்டும் வீட்டு வரியில் பள்ளிக்குப் பங்கு உண்டா?

முடிச்சூரில் ஃபிளாட் வாங்கியவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி. வீட்டு வரியோடு ஒரு ரூபாய்க்கு 10 பைசா வீதம் நூலக வரி வசூலாகிறது. அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகும். ஆனால் உங்கள் வீட்டு வரியிலிருந்து பக்கத்துப் பள்ளியின் ஆசிரியருக்குச் சம்பளம் போவதில்லை. வரி கூடினாலும் பள்ளி தானாக வளராது.

அமெரிக்காவில் இது நேர் எதிர். நியூஜெர்சியிலோ கலிபோர்னியாவிலோ இருக்கும் உங்கள் ஃப்ரெண்டைக் கேட்டால் 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' பற்றிச் சொல்வார். அங்கே சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. சில மாவட்டங்களில் ஒன்றிரண்டு தொடக்கப் பள்ளிகள் மட்டுமே இருக்கும். பெரும்பாலான இடங்களில் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுப் பள்ளி போர்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். போர்டு நிர்வாகியை நியமிக்கும், பட்ஜெட் போடும். பல மாநிலங்களில் சொத்து வரியில் ஒரு பெரிய பங்கு நேராகப் பள்ளிக்குப் போகும். வாஷிங்டனிலிருந்து வருவது பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

கேட்க நன்றாக இருக்கும். அதில் ஓர் ஓட்டையும் உண்டு. வீட்டு விலை அதிகமான ஏரியாவில் பள்ளி வசதியாக இருக்கும், ஏழைகள் வாழும் ஏரியாவில் பள்ளியும் ஏழையாகவே இருக்கும். நம் முறையில் அந்த அநியாயம் குறைவு. முடிச்சூர் ஆசிரியருக்கும் ராமநாதபுரத்துக் கடைக்கோடி கிராமத்து ஆசிரியருக்கும் ஒரே சம்பள விகிதம்தான். ஆனால் ஊர்க்காரர்களுக்கு அங்கே இருக்கும் பிடி இங்கே இல்லை. 'எங்க ஸ்கூலுக்கு இந்த வருஷம் எவ்வளவு வந்தது, எதுக்குச் செலவாச்சு?' என்று கேட்டால், முழுப் பதிலையும் தரக்கூடிய ஒரே ஆபீஸ் என்று எதுவுமே இல்லை.

டெல்லி-சென்னை சண்டை இங்கே எப்படி எதிரொலிக்கிறது?

சமக்ர சிக்‌ஷாவில் மத்திய அரசு 60%, மாநிலம் 40% போட வேண்டும். 2024-25-க்கு மத்திய அரசின் பங்கு சுமார் ரூ.2,152 கோடி. 'பி.எம். ஸ்ரீ' பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில், அதாவது புதிய கல்விக் கொள்கையை ஏற்கும் நிபந்தனையுடன், தமிழ்நாடு கையெழுத்துப் போடாததால் இந்தப் பணம் நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. தனியார் பள்ளிகளில் 25% இடங்களுக்கான கல்வி உரிமைச் சட்டச் சேர்க்கை 2025-26-ல் மாதக்கணக்கில் தள்ளிப்போனதும் இந்தச் சண்டையின் விளைவுதான்.

டிவி விவாதத்தில் இது மும்மொழிக் கொள்கை, மாநில உரிமை என்று பேசப்படுகிறது. அதெல்லாம் முக்கியம்தான். பள்ளி அளவில் பார்த்தால், சிறப்புக் குழந்தைகளுக்கான ஆசிரியர், பயிற்சி, பள்ளி மானியம் எல்லாம் நிற்பது இந்தத் திட்டத்தின் மேல்தான். டெல்லியில் ஒரு வால்வை மூடினால், மாநிலம் தன் கையிலிருந்து ஊற்ற வேண்டியிருக்கிறது.

எல்லாத்துக்கும் அடிப்படை: தலை எண்ணிக்கை

பள்ளிக்கு எவ்வளவு வரும் என்பதை முடிவு செய்யும் மிகப் பெரிய விஷயம், எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்பதுதான். கல்வி உரிமைச் சட்டம் (2009) சொல்லும் கணக்கு இது: 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1 நிலவரத்தை வைத்துப் பணியாளர் நிர்ணயம் நடக்கும். எண்ணிக்கை குறைந்தால் 'உபரி' ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றப்படுவார்.

61-ல் இருக்கும் பள்ளியிலிருந்து ரெண்டு பேர் டிசி வாங்கினால் போதும், ஒரு ஆசிரியர் பணியிடமே கேள்விக்குறி ஆகிவிடும். 101-லிருந்து 100 ஆனால் மானியம் பாதியாகும்.

இதுதான் சென்னைப் புறநகரின் தனிச் சிக்கல். மக்கள்தொகை ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் புதிதாகக் குடிவரும் நடுத்தர வர்க்கத்தில் பலரும் மெட்ரிக், சிபிஎஸ்இ பள்ளி வேனுக்குத்தான் காத்திருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் மிஞ்சுவது கட்டடத் தொழிலாளர், வீட்டு வேலை செய்பவர், வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் குறைவார். ஒரே ஆசிரியர் மூன்று வகுப்பைப் பார்த்தால், அதைக் காரணம் காட்டி இன்னும் நாலு பேர் பிள்ளையை எடுத்துக்கொண்டு போவார்கள். பெற்றோர் கால்களால் போடும் ஓட்டு இது. தோற்பது, வேறு போக்கிடம் இல்லாத பிள்ளைகள்.

பெற்றோருக்கு அதிகாரமே இல்லையா?

இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு, அதாவது எஸ்எம்சி. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் இது கட்டாயம். உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் ஆசிரியரும் உண்டு. 2022-ல் தமிழகம் முழுக்க இந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 2024-ல் மறுகட்டமைப்பு நடந்தபோது முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

சட்டம் இந்தக் குழுவுக்குத் தரும் வேலை மூன்று. பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது. வரும் மானியம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்ப்பது. பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது. மூன்றாவதுதான் முக்கியம். அரசு தரும் திட்டத்துக்கும் மானியத்துக்கும் இந்த ஆவணமே அடிப்படையாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பல ஆபீஸ்களாகப் பிரிந்து கிடக்கும் ஒரு பள்ளி, முழுப் பள்ளியாக ஒரே காகிதத்தில் தெரிவது இங்கே மட்டும்தான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய ஊர் முடிச்சூர். அங்கே ஒரு புது வகுப்பறையின் தரைமட்டம் எவ்வளவு உயரமாக இருக்க வேண்டும் என்பது தலைமைச் செயலகத்துக்குத் தெரியாது. தண்ணீர் எதுவரை வந்தது என்று நேரில் பார்த்த பெற்றோருக்குத் தெரியும். அந்த வரி மேம்பாட்டுத் திட்டத்தில் ஏறினால்தான் மதிப்பீட்டிலும் ஏற வாய்ப்புண்டு.

நடைமுறையில் என்ன ஆகிறது? பல குழுக்களில் கூட்டம் என்பது கையெழுத்து வாங்கும் சடங்கு. தினக்கூலிக்குப் போகும் அம்மாவால் வெள்ளிக்கிழமை மதியம் வர முடியாது. வந்தாலும் 'சார் சொல்றதுக்கு நாம என்ன பேசறது' என்ற தயக்கம். அதிகாரம் காகிதத்தில் இருக்கிறது, நேரம்தான் இல்லை.

நாளைக்கு மாநகராட்சியுடன் இணைந்தால்?

தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊராட்சிகளை மாநகராட்சியுடன் சேர்ப்பது பற்றிய பேச்சு அடிக்கடி எழுகிறது. சேர்ந்தால் ஊராட்சி ஒன்றியம் என்ற அமைப்பே அந்த ஊருக்கு இருக்காது. அப்போ 'ஊராட்சி ஒன்றியப் பள்ளி' யாருடையது?

சென்னை இதற்கு ஒரு பாடம். 2011-ல் மாநகராட்சி எல்லை விரிந்தபோது பல ஊராட்சிகளும் நகராட்சிகளும் உள்ளே வந்தன. அங்கிருந்த அரசுப் பள்ளிகள் உடனே மாநகராட்சிக்கு வரவில்லை. சாலையும் குப்பையும் மாநகராட்சி, பள்ளி மட்டும் கல்வித் துறை என்று பத்தாண்டுக்கும் மேல் ஓடியது. அதன் பிறகுதான் 139 பள்ளிகளை மாநகராட்சியிடம் ஒப்படைக்க அரசு முடிவெடுத்தது.

இணைப்பால் லாபமும் வரலாம். மாநகராட்சிக்கு வரி வருவாய் அதிகம், பொறியாளர்கள் அதிகம். சென்னையில் சொத்து வரிக்குள்ளேயே கல்வி வரி ஒரு பகுதியாக இருக்கிறது. நஷ்டமும் உண்டு. ஊராட்சியில் ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எந்த வாக்காளரும் எழுந்து நின்று 'ஸ்கூல் என்ன ஆச்சு?' என்று கேட்கலாம், தீர்மானம் போடலாம். மாநகராட்சியில் பகுதி சபை இருக்கிறது. ஆனால் கிராம சபைக்கு இருக்கும் அரசியல் சட்டப் பலம் அதற்குக் கிடையாது. அதனால் இணைப்பு பற்றிப் பேசும்போது வரி எவ்வளவு ஏறும் என்பதோடு, பள்ளிகள் எந்தத் தேதியில் யார் கைக்குப் போகும் என்பதையும் இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

கடைசியாக, கையில் வைத்துக்கொள்ள

ஆசிரியர் பற்றாக்குறை என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். கட்டடம் என்றால் பி.டி.ஓ. தண்ணீர், துப்புரவு என்றால் ஊராட்சித் தலைவர். வாய்மொழியாகச் சொன்னால் அது ஒரு ஆபீஸிலிருந்து இன்னொரு ஆபீஸுக்கு உருண்டுகொண்டே இருக்கும். எஸ்எம்சி தீர்மானமாக எழுதி, நகலைக் கிராம சபையிலும் வைத்தால் அது ஆவணம் ஆகிவிடும். கல்வி உரிமைச் சட்டத்தின் 32-வது பிரிவு பலருக்கும் தெரியாது: குழந்தையின் கல்வி உரிமை குறித்து எழுத்துப்பூர்வமாகப் புகார் தந்தால், உள்ளாட்சி அமைப்பு 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லை என்றால் மாநில குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

உங்கள் பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்காமல் இருக்கலாம். கிராம சபையில் பேச அது தேவையில்லை. ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். தினக்கூலியை விட்டுவிட்டு வர முடியாத அம்மாவின் கேள்வியை, லீவு நாளில் வீட்டில் இருக்கும் உங்களால் கேட்க முடியும். கிராம சபை கூடும் 6 நாளில் 4 நாள் அரசு விடுமுறைதான்.